கடல் கூட்டிய வயது

ட்ரோண்ட்ஹெய்மில் பனி கொட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை.
ஒரு கிராம் விலாவெலும்பு. இன்னொரு கிராம் விலாவெலும்பு.
அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, உலர்த்தி,
குவார்ட்ஸ் குழாயில் அடைத்து எரிக்கிறேன்.
வயது தெரிய வேண்டுமென்றால்
கொஞ்சம் இல்லாமல் போகத்தான் வேண்டும்.

வடக்கே, லோஃபோட்டன் தாண்டி,
புயல் மணலை வாரிப்போன கரையில்
ஆஸ்லாக் திறந்த குழி.
ஒருத்தி, இடப்பக்கம் ஒருக்களித்து.
ஒருவன், அவள் முதுகை ஒட்டி.
அவன் முழங்கால்
அவள் முழங்கால் மடிப்புக்குள்.
அவள் தோளருகே வெண்கல ஊசி,
அவன் கையருகே மாக்கல்லில் செதுக்கிய தூண்டில் குண்டு.

தின்னும்வரை கார்பன் வந்துகொண்டிருக்கும்.
கடைசிக் கவளத்தோடு கதவு சாத்திவிடும்;
அப்புறம் செலவுதான், வரவில்லை.
ஐயாயிரத்து எழுநூற்று முப்பது ஆண்டில் அரை.
இன்னொரு அவ்வளவில் கால்.
பிறகு அரைக்கால், வீசம், அரைவீசம்...
இந்தப் படிக்கட்டுக்கு அடிப்படி கிடையாது.

எந்த அணு எப்போது போகும்?
அதற்கே தெரியாது.
இன்று மதியம் போகலாம்,
பத்தாயிரம் ஆண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கலாம்.
மூப்படையாமல் சாகிறவை.
நைட்ரஜனாய் இருந்து வந்தது
ஓர் எலெக்ட்ரானை உதறிவிட்டு
மறுபடி நைட்ரஜனாகிவிடும்.
தனியாக ஒன்றையும் நம்ப முடியாது;
கூட்டமாக, ஒருபோதும் நேரம் தவறியதில்லை.

எண் வந்தது.
அவளிடம் நூற்றுக்கு எண்பத்தெட்டு மிச்சம்.
அவனிடம் எண்பத்தைந்து.
மூன்றுதான் குறை.
மூன்று என்றால் முந்நூறு ஆண்டு.

நைட்ரஜன் அளவு வர ஒரு வாரமாகும், பொறு என்றேன்.
ஆஸ்லாக் பொறுக்கவில்லை.
"பழைய குழியைத் திறந்து
யாரோ அவளை உள்ளே வைத்திருக்கிறார்கள்,
யாரென்றே தெரியாத ஒருவன் மடியில்."
அந்த முழங்கால்?
"தற்செயல்" என்றான்.
தொலைபேசியில் அந்தச் சொல்லுக்குக் கால் ஊன்றவில்லை.

இரவுச் சாப்பாடு.
ஹல்வார் மீன்தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தான்,
முப்பது வருடமாக அதே சத்தம்.
என் தட்டில் ஆட்டிறைச்சி; மீன் வாடை எனக்கு ஆகாது.
முள்ளையெல்லாம் தட்டோரம் அடுக்கினான்,
சின்னதிலிருந்து பெரிதாக.
தெரியாத விஷயமல்ல, எத்தனையோ அறிக்கையில் எழுதியதுதான்.
மேசையில் பார்த்தது அன்றுதான்.

கடலடி நீர் கிழம்.
காற்றைத் தொடாமல் நூற்றாண்டுகள்
இருட்டில் சுற்றிவிட்டு மேலே வரும்,
பாதி செலவழித்த பணப்பையோடு என்று சொல்ல முடியாது,
சில்லறை மட்டும் குறைந்திருக்கும்.
அதைப் பாசி தின்னும். பாசியைச் சிறுமீன்.
சிறுமீனைப் பெருமீன். பெருமீனை அவன்.
வாய்க்கு வாய் கொஞ்சம் பழசு.
செத்த அன்றே அவன் எலும்புக்கு
முந்நூறு வயது கூடுதல்.
அவளோ பார்லி, ஆட்டுப்பால்,
அந்தந்தக் கோடையின் புல்.

அடுத்த வாரம் நைட்ரஜன் சொன்னது:
அவன் மீன். அவள் மண்.
கடல் கூட்டியதைக் கழித்தேன்.
இரண்டு வளைகோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன,
எழுபது ஆண்டு அகலத்துக்கு.
அதற்குள் ஒரே குளிர்காலமா, ஒரே இரவா,
என் கருவிக்குத் தெரியாது.
முழங்காலுக்குத் தெரிந்திருக்கலாம்.

ஹல்வாரிடம் சொன்னேன்:
நாம் பிறந்தபோது வானமெல்லாம் அணுகுண்டுச் சோதனை.
அந்தக் காற்றில் கார்பன் இரட்டிப்பு.
நம்மைத் தோண்டிக் கணக்குப் போட்டால்
இன்னும் பிறக்கவே இல்லை என்று வரும்.

"ரெண்டு பேருமா?"

நீ மீன் தின்கிறாயே,
எனக்குக் கொஞ்சம் முன்னால் பிறப்பாய்.

"சரி, வந்து சேர்" என்று
தட்டுகளைக் கழுவ எடுத்துப்போனான்.